வீடு கட்டப் பறித்த கல்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய ஆண்டுகளில் ஒன்று. இலங்கையின் தெற்கே கடை வைத்திருந்த என் கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். கடையில் கூட நின்றவர்கள் அங்கேயே எரித்துவிட்டு ஊருக்குத் தந்தி அடித்தார்கள். நான் அழவில்லை. அதைப் பற்றி எங்கள் தீவு ஊரான இறுப்பிட்டியில் பேச்சிருந்தது. சமைத்தேன், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன், அவரைப் பெற்ற மாமிக்குச் சோறு போட்டேன். கை கால்கள் வேறு யாருடையவோ போல இருந்தன.

மாரி பிறந்தால் துறைக்குப் போகிற பாதை சேறாகிவிடும். நோயாளியைக் கட்டிலோடு தூக்கி, முழங்கால் புதையப் புதைய வள்ளத்துக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் பாதைக்குக் கல் போடக் கிராமச் சங்கம் முடிவெடுத்தது. வழக்கம்போல யாழ்ப்பாணத்துக் கொந்தராத்துக்காரர் ஒருவர் வேலையை ஒப்பந்தமாக எடுத்து, கல்லையும் ஆட்களையும் வத்தைப் படகில் ஏற்றி வருவதாக இருந்தது.

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அது எங்கள் வேலிக்கு அடுத்த வளவு. பேச்செல்லாம் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது.

"நாங்கள் கட்டுற வரி ஏன் வள்ளமேறிப் போகவேணும்?" என்றார் எங்கள் வட்டார மெம்பர். "எங்கட வளவுகளுக்குள்ள முருகைக்கல் கிடக்குது. உடைக்கக் கையும் இருக்குது."

"தீவுக் கல்லு மெத்து. சில்லு ஏறினா மாவாப் போகும்," என்றார் சங்கத்துச் சேர்மன்.

"அடியில எங்கட கல்லைப் போடுவம். மேல்படைக்கு மட்டும் கொந்தராத்துக்காரற்ற கல்லை எடுங்கோ. ஒரு ஆளுக்கு முழுக் கொந்தராத்தும் குடுத்தால் சனத்துக்கு ஒண்டும் மிஞ்சாது."

நெடுநேரம் இழுபட்டுக் கடைசியில் சேர்மன் ஒத்துக்கொண்டார். வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, உழைக்க ஆளில்லாத வீடுகளில் முதலில் கல் வாங்குவது என்று தீர்மானமாயிற்று.

மறுநாளே மெம்பர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். வளவின் மூலையில் ஒரு கற்குவியல் இருந்தது. ஊருக்கு வந்து நிற்கும்போதெல்லாம் என் கணவர் அலவாங்கால் நிலத்தைக் கிண்டிப் பறித்துச் சேர்த்தவை. கல்வீடு கட்டுவது அவருடைய எண்ணம்.

"பிள்ளை, உமக்குச் சம்மதமெண்டால் இதைச் சங்கம் வாங்கும். கட்டாயமில்லை."

நான் வாய் திறப்பதற்குள் மாமி எழுந்து வந்தார். "அது என்ர பிள்ளை வீடு கட்டப் பறிச்ச கல்லு. றோட்டில போட்டு மிதிக்கவோ?"

மெம்பர் தலை குனிந்தார். "நான் போயிட்டு வாறன், அக்கா."

"எடுங்கோ, அண்ணை," என்றேன். என் குரல் எனக்கே தட்டையாகக் கேட்டது. "மாமி, அந்த வீட்டில இருக்க இனி ஆர் இருக்கினம்?"

மாமி உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். பிறகு சில நாட்கள் தன் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார்.

கல்லை உடைத்துக் கொடுத்தால் கூலியும் உண்டு என்றார்கள். சுத்தியலை வாங்கிக்கொண்டு குவியலின் பக்கத்திலேயே குந்தினேன். அக்கம்பக்கத்துப் பெண்களும் தங்கள் வளவுகளில் உடைத்தார்கள். ஊர் முழுவதும் டொக்கு டொக்கென்று சத்தம். இது அவர் தொட்ட கல் என்று நினைத்துப் பார்த்தேன். ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. விரலில் சுத்தியல் பட்டு நகம் கறுத்தது. அதுவும் பிந்தித்தான் நொந்தது.

ஒரு காலையில் மாமி ஓலைக் கடகத்தோடு வந்து, உடைந்த கற்களை அள்ளி நிரப்பத் தொடங்கினார். நான் உடைத்தேன், அவர் அள்ளினார். குவியல் கிடந்த இடத்தில் புல்லில்லாத வெள்ளைத் தரை மட்டும் மிஞ்சியது.

மாரிக்கு முன் பாதை முடிந்தது. அந்த முறை பல வீடுகளில் கல்லுக் காசில் மாரிக்கு முதலே நெல் வாங்கி வைத்தார்கள். நாங்களும் வாங்கினோம்.

பாதை திறந்து கொஞ்ச நாளில் தெற்கிலிருந்து அவருடைய தகரப்பெட்டி வந்து சேர்ந்தது. புதுப் பாதையால் வந்த வண்டிக்காரர் படலையடியில் இறக்கி வைத்தார். மாமி திறந்தார். இரண்டு சாரம், ஒரு சால்வை, சவரக்கத்தி. மாமி சால்வையில் முகத்தைப் புதைத்துக் கதறினார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறுகிறதே, மாட்டை அவிழ்த்துக் கட்டவேண்டுமே என்றுதான் மனதில் ஓடியது.

பின்னேரம் மெம்பர் மறுபடி வந்தார்.

"பொதுக்கிணத்துக்குச் சுத்துக்கட்டு கட்டப்போறம். இந்த முறையும் ஊராக்களைத்தான் வைக்கிறம். உம்மால வர ஏலுமோ?"

"ஓம், வாறன்," என்றேன்.

"நானும் வாறன்," என்றார் மாமி உள்ளேயிருந்து.