சேசுக் அக்கா வீட்டுக் கிம்ச்சிப் பெட்டி

பத்து வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் பார்க்கப் போனால் ஏழு வீட்டில் பெட்டிக்கு ஒரு கேடும் இருக்காது. கேடெல்லாம் வீட்டுக்காரர்களிடம்தான். குளிர்காற்று வரும் துளையைக் கருப்புப் பைகளால் அடைத்துவிட்டு, "கீழ்த்தட்டு குளிரவே மாட்டேங்குது" என்பார்கள். கதவு ரப்பரில் மிளகாய் விழுது காய்ந்து ஒட்டி, கதவு சரியாக மூடாமல் கிடக்கும். உள்ளே ஐஸ் மலைபோல் கட்டுகிறது என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டு வருவேன். கொரியாவில், சுன்சோன் ஊரில் பத்தொன்பது வருடமாக இதுதான் என் பிழைப்பு. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வாயும் கொஞ்சம் நீளம். வீட்டில் என் மனைவியும் இதையேதான் சொல்கிறாள்.

சேசுக் அக்கா வீட்டுக்கு முதன்முதலில் போனது இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால். ஒன்பதாவது மாடி. கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். ஒரே மகள் கல்யாணமாகிப் பூசானில் இருக்கிறாள். அக்கா அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகள்.

நவம்பர் கடைசியில் மாமியார் ஊரிலிருந்து நூறு கோஸோடு வந்து இறங்குவார். கொழுந்தன்களின் மனைவிமார் மூன்று பேரும் வந்து, ரப்பர் கையுறை மாட்டிக் கோஸில் காரம் தடவிக் கிம்ச்சி ஊறுகாய் போட்டு, வேகவைத்த பன்றிக்கறியைத் தின்று சிரித்துவிட்டுப் போவார்கள். நாலு குடும்பத்துக் கிம்ச்சியும் அக்கா வீட்டுப் பால்கனியில் நிற்கும் ஆளுயரப் பெட்டிக்குள் போகும். அதற்கென்றே செய்த பெட்டி, நாலு தட்டு, தட்டுக்கு ஒரு குடும்பத்தின் பெயர். அப்புறம் வசந்தம் வரைக்கும் யாராவது ஒருவர் டப்பா எடுக்க வந்துகொண்டே இருப்பார். "அண்ணி, வீட்லதானே இருக்கீங்க?" என்று கேட்பதுகூடச் சும்மா ஒரு பேச்சுக்குத்தான். ஆறு வருடமாக அக்கா குளிர்காலத்தில் ஒரு ராத்திரிகூட வெளியூரில் படுத்ததில்லை.

அந்த முதல் முறை கிம்ச்சியின் மேல் ஐஸ் பூத்திருந்தது. பால்கனியின் வெளிக் கண்ணாடி ஒரு சாண் திறந்திருந்ததுதான் காரணம். நான் பெரிய வாத்தியார் மாதிரி விளக்கினேன்.

"அக்கா, இந்தப் பெட்டிக்குக் குளிரை உண்டாக்கத்தான் தெரியும், விரட்டத் தெரியாது. வெளியே மைனஸ் பத்துன்னா, நமக்கு இங்க என்ன வேலைன்னு அதுபாட்டுக்குத் தூங்கிடும். உள்ள இருக்கறது அத்தனையும் உறைஞ்சு போகும்."

"உறைஞ்சா என்ன ஆகும்?"

"கரைஞ்சதும் கந்தல் துணியாட்டம் ஆயிடும். வாயில வைக்க முடியாது."

அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இவ்வளவு கவனமாகக் கேட்கும் ஆளை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

போன ஜனவரியில் மறுபடி கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பால்கனிக் கண்ணாடி நாலும் அகலத் திறந்து கிடக்கின்றன. மூச்சு விட்டால் புகை. நாலு தட்டும் பாறையாக உறைந்திருந்தன. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"என்னக்கா இது? போன தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நீங்க சொன்னதைத்தான் தம்பி செஞ்சிருக்கேன்" என்றார்.

அக்கா பால்கனிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

சோக்சோவில், கடலோரத்தில், அவருடைய பள்ளித் தோழி நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறாளாம். குளிர்காலத்தில்தான் அங்கே கூட்டம். நாலு மாசம் வந்து கூட நில்லு, மாடியில் ரூம் இருக்கு என்று மூன்று வருடமாகக் கூப்பிடுகிறாள். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வாள்.

"போய்ட்டு வரேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட? பெட்டியைப் பாக்க ஆள் வேணும்பாங்க. பெட்டி இல்லன்னா யாரும் என்னைத் தேட மாட்டாங்க, தம்பி. இது செத்துப்போச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

பத்தொன்பது வருடத்தில் உயிரோடிருக்கும் பெட்டியைச் செத்துவிட்டது என்று நான் சொன்னதில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன். அக்கா மாமியாருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

"கம்ப்ரசர் போச்சுங்கம்மா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

"என்னப்பா சொல்ற? வாங்கி ஏழு வருஷம்கூட ஆகலையே! எப்படிப் போகும்?"

அதோடு போனை வைத்திருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது என்று எந்தக் கிழவியும் நினைத்துவிடக் கூடாதே! தொழில் கர்வம்.

"பால்கனியில வச்சா எப்படிங்கம்மா தாங்கும்? இந்த ஊர்க் குளிருக்கு எந்தப் பெட்டியும் சாகும். வீட்டுக்குள்ள, ரூம்ல வைக்கணும்."

"ஓ, ரூம்லயா?" என்றார் மாமியார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் சொன்னது என் காதில் விழுந்தது அப்போதுதான். சொன்ன வார்த்தையை அள்ளவா முடியும்?

ஐந்தே நாளில் கொழுந்தன்கள் மூன்று பேரும் சேர்ந்து புதுப் பெட்டி வாங்கிவிட்டார்கள். பழையதைவிடப் பெரியது, ஐந்து தட்டு. சமமாக நிற்கவில்லை, கடகடவென்று சத்தம் போடுகிறது, வந்து பார் என்று மாமியாரே எனக்குப் போன் செய்தார். கருவிப் பையோடு போனேன்.

பெட்டி, அக்கா படுக்கும் சின்ன அறையில் சுவரை அடைத்து நின்றது. அவருடைய மெத்தை சுருட்டி ஹாலில் கிடந்தது. கொழுந்தன் மனைவி ஒருத்தி தட்டுகளில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து பெட்டியின் முன்கால்களைத் திருகிச் சரிசெய்தேன். சத்தம் நின்றது.

"கெட்டிக்காரன்பா நீ" என்று மாமியார் என் முதுகில் தட்டினார். "நீ மட்டும் சொல்லலைன்னா இதையும் வெளியிலயே வச்சிருப்போம். ரூம்ல இருந்தா எத்தனை வருஷம் உழைக்கும்?"

பொய் சொல்லத் தைரியம் வரவில்லை.

"பதினஞ்சு வருஷம் வரும்."

"கேட்டியா பெரியவளே, பதினஞ்சு வருஷமாம்!" என்று மாமியார் கைதட்டிச் சிரித்தார்.

சேசுக் அக்கா சுருட்டிய மெத்தையின் மேல் உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. விரல் விட்டு எண்ணினார்.

"அப்ப எனக்கு அறுபத்தொம்பது" என்றார்.