தீர்த்தமும் தண்ணீர்தான்

அந்தத் தீர்த்தப் போத்தல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நயினாதீவு அம்மன் கோயிலில் அத்தானின் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, படகில் திரும்பும்போது அதைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்திப் பிடித்தபடியே வந்தேன். புங்குடுதீவில் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும், முதல் வேலையாகக் கட்டிலில் சாய்ந்திருந்த அத்தானின் வாயில் ஒரு கரண்டி விட்டேன். உடனே புரைக்கேறியது. இருமவும் பலமில்லாமல் அவர் திணறினார். அக்கா அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கத்தினார். அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். நெஞ்சில் சளி கட்டி, இரண்டு கிழமை அங்கேயே கிடந்தார்.

அத்தான் கொழும்பில் பெரிய ஹோட்டல் ஒன்றில் தலைமைச் சமையற்காரராக இருந்தவர். ஊருக்குத் திரும்பி, இறங்குதுறைக்குப் போகும் வீதியில் சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை போட்டார். மீனும் இறாலும் போட்டு அவர் காய்ச்சும் கூழுக்காகவே யாழ்ப்பாணத்திலிருந்து வாகனம் பிடித்து வருவார்கள். பிறர் சமைத்ததை அவர் வாயில் வைத்து நான் கண்டதில்லை. கலியாண வீட்டுக்குப் போனாலும் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். பக்கவாதம் வந்தபோது வலக்கையும் பேச்சும் போனதோடு, விழுங்கும் பலமும் குறைந்துவிட்டது. "தண்ணி, தேத்தண்ணி, சோடா ஒண்டும் குடுக்க வேண்டாம். எல்லாம் தடிப்பாய் இருக்கவேணும். இல்லாட்டில் நெஞ்சுக்குள்ள போயிடும்" என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் அதை மறக்கவில்லை. அக்கா தவறித் தேநீர் கொடுத்துவிடக் கூடாதென்று காவல் இருந்தவனே நான்தான். ஆனால் தீர்த்தத்தைப் போய்த் தண்ணீர் என்று யார் நினைப்பார்கள்? முப்பது வருடம் தபாற் கந்தோரில் சொன்ன விதியைச் சொன்னபடி செய்து பெருமைப்பட்டவன் நான். அந்தப் பெருமை ஒரு கரண்டியோடு போயிற்று.

சாப்பாடு இறக்க ஆஸ்பத்திரியில் மூக்கில் போட்டிருந்த குழாயைக் கழற்றி வீட்டுக்கு விட்ட பிறகு, அத்தான் வாயைத் திறக்க மறுத்தார். அக்கா மசித்த சோற்றில் இரண்டு கரண்டி இறங்கினாலே பெரிய காரியம். என்னைக் கண்டால் அதுவுமில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். கோபமா பயமா என்று எனக்கு விளங்கவில்லை. "இப்பிடியே போனால் திரும்பவும் குழாய்தான்" என்று அந்தப் பிள்ளை கையை விரித்தாள். அடுத்த கிளினிக்குக்குப் பத்து நாள் இருந்தது. "அவர் போய்ச் சேருறதெண்டு முடிவெடுத்திட்டார், தம்பி" என்றார் அக்கா. என்னால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்று அத்தான் குசினியில் கதிரை போட்டிருந்து, இடக்கையால் உப்புப் போட்டு, எல்லாரையும் ஏவிக் கடையை நடத்துகிறார். ஆறுதலாக, மெல்ல மெல்ல நடக்கிறார். பயிற்சியால் வந்த சுகம் என்று எல்லாரும் சொல்கிறார்கள்; உண்மைதான். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஒரு மத்தியானம். கூழ் எப்படியும் தடிப்புத்தானே என்று அதற்கு முதல்நாள்தான் என் மண்டையில் உறைத்தது. பயிற்சி கொடுக்கும் பிள்ளைக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "குடுக்கலாம் ஐயா. முள்ளு, இலை, கட்டி ஒண்டும் இல்லாமல் அரிச்செடுங்கோ. உறைப்பைக் குறையுங்கோ. கரண்டியைச் சரிச்சால் ஓடக்கூடாது, மெல்ல வழியவேணும்" என்றாள்.

நான் தேநீர் தவிர எதையும் அடுப்பில் வைத்தவனல்ல. ஆனாலும் அக்காவைக் கிட்ட விடவில்லை. செய்த பிழை என்னுடையது. மீனையும் இறாலையும் அவித்து, மசித்து, புளி கரைத்து, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா கலந்து காய்ச்சி, மூன்று தரம் அரித்தேன். வாசம் அறைக்குள் போனதும் அத்தான் சுவரிலிருந்து தலையைத் திருப்பினார் என்று அக்கா ஓடிவந்து சொன்னார்.

அவரைக் கதிரையில் நிமிர்த்தி இருத்தினோம். கரண்டியைச் சரித்து, கூழ் வழிவதைக் காட்டினேன். "பாருங்கோ அத்தான், இது தண்ணியில்லை" என்றேன். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு வாயைக் கொஞ்சம் திறந்தார். தொண்டை அசைந்தது. இருமல் வரவில்லை. ஆனால் முகம் கோணியது. உதடுகள் எதையோ தேடின.

"மா... ஊறேல்லை."

மாதக்கணக்கில் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழுப் பேச்சு அது. நக்கிப் பார்த்தேன், ஒரே கைப்பு. ஒடியல் மாவை ஊறப்போட்டுக் கைப்பை வடிக்க வேண்டுமென்பது எனக்குத் தெரியாது. அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

"விடுங்கோ அத்தான், நாளைக்கு வடிவாய்க் காய்ச்சித் தாறன்" என்று கோப்பையை எடுக்கப் போனேன். இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு, வாயை நன்றாகத் திறந்தார்.