எம்.எல்.ஏ. சாப்பிட வருகிறார்

எந்த வீட்டு வாசலானாலும் வசந்தாமணி ஒரு கணம் நின்று காலடியைப் பார்க்கிறார். செருப்பைக் கழற்றத்தான் என்று நினைத்தேன். இல்லை. கோழிப்பண்ணைக்குள் நுழைகிறவர்கள் வாசலில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வருஷக்கணக்காகப் பண்ணையில் புழங்கிய கால், எங்கே போனாலும் அந்தத் தொட்டியைத் தேடுகிறது. "சட்டசபை வாசல்லயும் நின்னுட்டனுங்க. பின்னால வந்தவரு மேல வந்து முட்டிக்கிட்டாரு" என்று சிரிக்கிறார்.

எருமப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கு அவர்தான் எம்.எல்.ஏ. அதற்கு முன் அண்ணன் மணியனோடு கூட்டாக முட்டைக்கோழி வளர்த்தவர். கணவருக்கு லாரி புக்கிங் ஆபீஸ். வீட்டில் அரசியல் பேச்செடுத்தால் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவாராம். அலைந்து திரிந்து சீட் வாங்கித் தந்ததும், வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டதும் அண்ணன்தான். சபையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்களே, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். "கொட்டாயில கோழியெல்லாம் ஒண்ணாக் கத்துனா குழாயில தண்ணி வரலைன்னு அர்த்தமுங்க. இங்க என்ன வரலைன்னு நானும் பாத்துட்டேதான் இருக்கறேன்."

அவர் சபையில் கேட்டது பெரிய பாலமோ தொழிற்பேட்டையோ இல்லை. கல்லூரி விட்டு வரும் பெண்பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒரு பஸ் கேட்டார், வந்துவிட்டது. அடுத்தது ஈ. கூண்டுக்குக் கீழே குவிகிற கோழி எச்சம் நனைந்தால் புழு வைத்து ஈயாகப் பெருகும். அதை நனையாமல் மூடி வைக்க வேண்டும், ஊருக்குப் பக்கத்தில் குவிக்கக் கூடாது, இதற்குச் சட்டம் வேண்டும் என்று எழுந்து பேசினார். பண்ணைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். எல்லோரையும்விட அதிகம் கொதித்தவர் மணியன். அடுத்த தேர்தலுக்கு என் வாசப்படி மிதிக்காதே என்று தங்கையிடம் சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும் காரணம், களை வெட்டப் போகும் உண்ணாமலை. அவர் வீடு மணியன் பண்ணையின் வேலியை ஒட்டி இருக்கிறது. ஈத்தொல்லை என்று எம்.எல்.ஏ. ஆபீசுக்குச் சொல்ல வந்தவரிடம் மனு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். "மனுவெல்லாம் எதுக்குங்க? ஒருநா எங்க ஊட்ல சோறுண்டுட்டுப் போங்க, அது போதும்" என்று வசந்தாமணியிடமே சொன்னாராம். வசந்தாமணி போனார், பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். "எங்க பண்ணை ஈ, என் எலையில மொய்க்குது. வேலிக்கு அந்தப்பக்கமே இருந்துட்டு இது தெரியாமப் போச்சேன்னு வெக்கமாப் போச்சுங்க." அன்றிலிருந்து தொகுதிக்குள் இருந்தால் மத்தியானச் சாப்பாடு யாராவது ஒருவர் வீட்டில்தான்.

நான் உடன் போனது மழை விட்ட மறுநாள். மறுபடியும் உண்ணாமலை வீடு. காரில் ஏறியதுமே வசந்தாமணி சொன்னார். "அண்ணனையும் கூப்பிட்டிருக்கறனுங்க. வருவாரோ மாட்டாரோன்னு ஒரே வெசனமா இருக்குது."

மணியன் வந்தார். வெள்ளை வேட்டி, கடுகடுத்த முகம். "ஏனம்மிணி, பேசறதுன்னா ஊட்லயே பேசிக்கலாமல்ல?"

"பேசறதுக்குக் கூப்புடலைங்கண்ணா. சோறுண்ணத்தான்."

மூவரும் பாயில் உட்கார்ந்தோம். இலையில் சோறு விழுந்ததும் எள்ளைத் தூவியதுபோல் ஈ வந்து அப்பிக்கொண்டது. மணியன் இடது கையால் ஓட்டினார். ஈக்கள் எழுந்து, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தன. "கோழி இருந்தா ஈ இருக்கத்தான..." என்று தொடங்கியவர், உதட்டில் ஒன்று உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பெரிய மனிதர் இப்படித் தவிக்கிறாரே என்று உண்ணாமலை பதறிப்போனார். ஓலை விசிறியை எடுத்து வந்து மணியன் பக்கத்தில் நின்று வீச ஆரம்பித்தார். மணியன் நிம்மதியாகச் சோற்றைப் பிசையப் போனார்.

வசந்தாமணி கையை நீட்டி அந்த விசிறியை வாங்கினார். அண்ணனுக்குத் தானே வீசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அதைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, தன் இலையிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"சாப்புடுங்கண்ணா" என்றார்.