ரோட்டுக்கு அந்தப் பக்கம்

பொம்மசந்திராவுல எங்க தெருமுனையில இருந்த சாராயக் கடையை நாங்க பொம்பளைங்கதான் விரட்டினோம். கர்நாடகாவுல சாராயத்தைத் தடை பண்றதுக்கு முன்னாடி, அது பிளாஸ்டிக் பாக்கெட்ல வந்த காலம். மருந்து கம்பெனியில பேக்கிங் வேலை முடிஞ்சதும் நேராப் போய்க் கடை வாசல்ல உக்காருவேன். தமிழ்ல திட்டினேன், கன்னடத்துல திட்டினேன், கடைக்காரன் ரெண்டுக்கும் சிரிச்சான். கடைசியில ஷட்டரை இறக்கிட்டுப் போனான். எனக்கு அப்ப இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்ல.

எங்க போனான்? ஓசூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனான். எங்க ஆம்பளைங்களும் பின்னாடியே போனாங்க.

அப்ப மேம்பாலமும் இல்ல, அந்த இடத்துல சிக்னலும் இல்ல. போறப்பத் தெளிவாத்தான் தாண்டுவாங்க. திரும்பி வர்றப்பக் காலு ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம். என்கூட உக்காந்து தொண்டை கிழியக் கத்தின எதிர்வீட்டு அக்காவோட புருஷன், ஒரு சாயங்காலம் லாரியில அடிபட்டுச் செத்தார். சாவு வீட்டுல அந்த அக்கா என் கையைப் பிடிச்சு, "கடை இங்கயே இருந்திருந்தா சாக்கடையிலயாவது விழுந்து கெடந்திருப்பாரேடி"ன்னாங்க. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்சுது.

அதுக்கப்புறம் எனக்கு வீட்டுல இருப்பே கொள்ளல. எங்க வீட்டுக்காரர் லேத் பட்டறையில வேலை. அவர் வர்ற நேரம் ஆச்சுன்னா அடுப்புல குழம்பு கொதிக்கும், நான் வாசல்ல நிப்பேன். பிரேக் சத்தம் கேட்டா ஓடுவேன். யாரோவா இருக்கும். திரும்பி வந்து குழம்பைக் கிளறுவேன், மறுபடி வாசல். குடிச்சுக் குடிச்சு அவருக்கு ஈரல் கெட்டுப் போச்சுன்னு டாக்டர் சொன்னது கூட எனக்கு ரெண்டாம்பட்சம் ஆயிடுச்சு. ஈரல் மெதுவாக் கொல்லும், லாரி அப்படி இல்லையே. குடிக்காதீங்கன்னு சொல்றதை விட்டுட்டு, ரோட்டைப் பாத்து வாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சேன். எனக்கே அசிங்கமா இருந்துச்சு.

ஒரு நாள் பொறுக்க முடியாம, பட்டறை விடறதுக்கு முன்னாடியே நானே ரோட்டைத் தாண்டிப் போய் அந்தக் கடையில நின்னேன். கடைக்காரன் என்னை அடையாளம் கண்டுக்கிட்டான். "ஏனக்கா, நீவே பந்துபிட்ரா?"ன்னான். என்னக்கா, நீங்களே வந்துட்டீங்களாங்கிறான். "ரெண்டு பாக்கெட் குடு, வாயை மூடு"ன்னேன். வாங்கிச் சாப்பாட்டுப் பையில போட்டுக்கிட்டேன். திரும்பி வர்றப்ப லாரி ஒண்ணு முந்தானை பறக்க ஒரசிட்டுப் போச்சு.

அவர் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் பாக்கெட்டை முன்னாடி வெச்சேன்.

"இன்னைக்கு நேரா வீட்டுக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பினது இதுக்குத்தான். இனிமே நீங்க ரோட்டைத் தாண்ட வேணாம்."

"நீ அந்தப் பக்கம் போனியா? அறிவிருக்கா உனக்கு? அடிபட்டிருந்தா நானும் புள்ளையும் என்ன ஆவறது?"

நிஜமாவே பயந்துட்டார். எனக்கு நல்லாப் பழகின பயம் அது.

"இப்பத் தெரியுதா?"ன்னு மட்டும் கேட்டேன்.

அவர் பாக்கெட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். தொடாம விட்டுடுவாரோன்னு நான் பாத்துக்கிட்டே நின்னேன். அப்புறம் அதுல ஒண்ணை எடுத்து, மூலையைப் பல்லால கடிச்சார்.