பிஸ்கட் டின்னில் இருந்த உப்பும் சர்க்கரையும்

கையில் மருந்து இல்லாமல் நான் பயணம் கிளம்ப மாட்டேன். கம்பவுண்டர் மகளாயிற்றே! சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து, நானும் கணவரும் சங்கரன்கோவிலில் மதுரைக்கு ரயிலேறினோம். டிங்சர், பஞ்சு, காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை, உப்பு, சர்க்கரை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. கூஜாவில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்.

“ஏட்டி, ஆஸ்பத்திரியவே தூக்கிட்டு வாரியா?” என்று கணவர் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில், எதிரே இருந்த ஆடு மேய்க்கும் பெண்ணின் மகளுக்கு வாந்தி கண்டது. வயிற்றாலும் போயிற்று.

“வாந்திபேதி! அடுத்த ஸ்டேஷன்ல இறக்கிவிடுங்க!” என்று பெட்டியே கூச்சல் போட்டது. அந்த ஸ்டேஷனைச் சுற்றி வெறும் பொட்டல்காடு.

“யம்மா, அங்கன இறக்கிவிட்டா எம்புள்ள செத்துப்போயிரும்” என்று தாய் என் கையைப் பிடித்து அழுதாள்.

நான் எழுந்து நின்றேன். “இவங்கள இறக்கினா நானும் இறங்குவேன். பயமா இருக்கிறவங்க தள்ளி உக்காருங்க.”

சத்தம் அடங்கியது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். கேலி செய்த கணவரே பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். வேட்டி நனைந்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

ராஜபாளையம் தாண்டியதும் அவள் கண்ணைத் திறந்து, “யம்மா, பசிக்கு” என்றாள்.

விருதுநகரில் இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊர் திரும்பும் வழியில் போய்ப் பார்த்தபோது, உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

அதுவரை எங்கள் வீட்டு ஆட்களை நினைத்தே மருந்து எடுத்து வைத்தேன். அன்றிலிருந்து, முகம் தெரியாத யாரோ ஒருவருக்கும் சேர்த்தே எடுத்து வைக்கிறேன்.