அக்காவின் கல்வெட்டில் ஓர் அப்புக்காத்து

அக்கா இறந்து இரண்டாவது கிழமை, அத்தான் என்னை லாசாலில் உள்ள தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை நான் எழுத வேண்டுமாம். கல்வெட்டு என்போம். இங்கே கனடாவில், மொன்றியலில் யார் யாருக்கோ எழுதிக் கொடுத்தவன், சொந்த அக்காவுக்கு எழுத மாட்டேனா?

"முதல்ல என்ர பூட்டனாரைப் பற்றி வரவேணும்," என்றார் அத்தான். "அவற்ற பரம்பரையிலதானே உன்ர அக்கா வாழ்க்கைப்பட்டவ. அவவுக்குக் கடைசிப் பக்கம் மட்டும் காணும்."

பூட்டனார், அதாவது அத்தானின் தாத்தாவின் அப்பா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தின் பெரிய அப்புக்காத்து. அவர் வாதாட எழுந்தால் வெள்ளைக்கார நீதிபதிகள் நிமிர்ந்து உட்காருவார்களாம். பிறகு சட்டசபை, ஆளுநரோடு தேநீர், பெயருக்கு முன்னால் ஒரு பட்டம், பின்னால் இரண்டு. யாழ்ப்பாணத்தில் எங்கள் சொத்துகளை ஆளும் தேசவழமைச் சட்டத்துக்குத் தலையணைத் தடிப்பில் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதினார். அத்தான் அதைத் திறந்தும் பார்த்ததில்லை. நான் முழுக்க வாசித்தேன். கெட்டிக்காரர்தான், சந்தேகமேயில்லை. தனக்கு வந்த சீதனக் காணியானாலும் கணவன் கையெழுத்து வைக்காமல் மனைவி விற்கக்கூடாது என்பதற்கு நாற்பது பக்கம் நியாயம் அடுக்கியிருக்கிறார். இந்த மகா மேதை அந்தப் புத்தகத்தைத் தன் மனைவிக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார். அவளுடைய பெயரைப் போட மட்டும் மறந்துவிட்டார்.

அந்த நாற்பது பக்கத்தில்தான் அக்கா மாட்டிக்கொண்டாள். தையல் தொழிற்சாலையில் முதுகு ஒடிய வேலை செய்தபடியே மாலை வகுப்புக்குப் போய் பிரெஞ்சு படித்தாள். சின்னதாக ஒரு கார்டரி தொடங்கி, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஊரில் அவள் பேரில் சீதனக் காணி சும்மா கிடந்தது. அதை விற்க அத்தானின் கையெழுத்து வேண்டியிருந்தது.

"பூட்டனார் நிலைநாட்டின சட்டம். நான் கையெழுத்து வைக்காமல் அங்க ஒரு பனையோலையும் அசையாது," என்று என் முன்னாலேயே சிரித்தார். கேட்டுக் கேட்டு அக்கா ஓய்ந்து போனாள். கடைசிவரை தையல் மெஷினை விட்டு எழும்பவில்லை.

இதையெல்லாம் எழுதுவேன் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். எழுதவில்லை. சாவு வீட்டில் சண்டை எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். பதினோரு பக்கம் பூட்டனாரைத் தூக்கி வைத்து எழுதினேன். அச்சில் பார்த்தபோது வசனங்கள் நன்றாக வந்திருப்பதாக ஒரு சந்தோஷம் வேறு. அத்தானைக் காறித் துப்ப எனக்கு என்ன யோக்கியதை?

சடங்கு முடிந்து மண்டபத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அக்காவின் மகள் கல்வெட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இங்கே பிறந்தவள். தமிழ் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது.

"மாமா, அம்மாவைப் பற்றி எழுதினதை வாசியுங்கோ."

பூட்டனாரின் சட்டசபைப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை எல்லாம் வாசித்தேன். தொழிற்சாலை, மாலை வகுப்பு, கார்டரி ஆசை, கிடைக்காத கையெழுத்து. வாழ்க்கையில் நான் எழுதாத மிக நல்ல பக்கம் அதுதான். அவள் அழுதாள்.

"மெர்சி, மாமா. இதை என்ர பிள்ளையளுக்கு பிரெஞ்சில குடுக்கப்போறன்," என்று போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து அதே பக்கத்தின் மேல் பிடித்தாள்.

திரையில் ஆளுநர் வந்தார், சட்டசபை வந்தது. அவள் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பிடித்துக்கொண்டே போனாள். கடைசிப் பக்கத்தில் அக்காவுக்கு நான்கு வரி இருந்தது. பிறந்தார், மணந்தார், பெற்றார், காலமானார்.

"இதுவும் நீங்கள் எழுதினதோ?"

"ஓம்," என்றேன்.