எழுந்து உட்கார்ந்து திரும்பு

ஒன்பதாம் மாதத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பிப் படுப்பது எனக்குப் பெரிய வேலை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை ஊன்றி, முக்கி முனகி எழுந்து உட்கார வேண்டும். வயிறு ஒரு நிலைக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மறுபக்கம் சாயலாம். படுத்தவாக்கில் அப்படியே புரண்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். மாமி, என் கணவரின் அம்மா, விடமாட்டார். பிள்ளைத்தாச்சி படுத்தபடி புரண்டால் தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கட்டில் லேசாகக் கிரீச்சிட்டால் போதும், கீழே பாயிலிருந்து மாமியின் குரல் வரும்.

"எந்திரிச்சு ஒக்காந்து திரும்பு புள்ள."

முதல் பிள்ளை தங்கியிருந்தால் இதையெல்லாம் சிரித்துத் தள்ளியிருப்பேன். தங்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன், எட்டாம் மாதத்தில், அசைவு நின்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடுத்துப் பார்த்தபோது கொடி கழுத்தில் இரண்டு சுற்று இருந்தது. அதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. மாமிக்கு டாக்டர் சொல்லத் தேவைப்படவில்லை. பார்வையாளர் நேரத்தில் வந்து என் கட்டிலருகே நின்றவர் கேட்ட முதல் கேள்வி, "பொரண்டு படுத்தியா?" என்பதுதான்.

தூக்கத்தில் நான் என்ன செய்தேன் என்று எனக்கெப்படித் தெரியும்? அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. ஆனால் நான் மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. அதைவிடக் கேவலம், பாதி நம்பவும் செய்தேன். அதனால்தான் இந்த முறை ஒவ்வொரு தடவையும் மாமியைத் திட்டிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். நான் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் காலையில் கொண்டுவந்து விடும் பிள்ளைகளைச் சாயந்தரம்வரை பார்த்துக்கொள்வது என் வேலை. மத்தியானம் பதினைந்து பிள்ளைகளை ஒரே பாயில் தூங்க வைப்பேன். குப்புற ஒன்று, மல்லாந்து ஒன்று, அடுத்தவன் வயிற்றில் காலைப் போட்டபடி ஒன்று என்று கிடக்கும். அப்படி நினைத்தபடி படுப்பவர்கள்மேல் எனக்குப் பொறாமை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எட்டாம் மாத முடிவில் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன்.

வீடு என்றால் படுக்க ஒரு காம்பரா, பின்னால் அடுப்படி. கட்டிலில் நான். கீழே ஒரு பாயில் மாமி, வாசல் பக்கம் இன்னொரு பாயில் என் கணவர். மாமிக்கு அவர் ஒரே பிள்ளை, டவுனில் ஆட்டோ ஓட்டுகிறார். மாமிக்கு ஒரு பழக்கம் உண்டு. அவரும் திரும்பிப் படுக்கும்போது எழுந்து உட்கார்ந்துதான் திரும்புவார். மலை ஏறி இறங்கியே தேய்ந்த இடுப்பு, அதனால்தான் என்று நினைத்துக்கொள்வேன். "அம்மா தூக்கத்துலயும் பெரட்டுக்கு எந்திரிக்கிறாங்க" என்று என் கணவர் கேலி செய்வார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஒருநாளும் பிந்திப் போகாதவர் மாமி. அந்தக் கேலிக்கு அவர் சிரித்ததில்லை.

கிளினிக்கில் இடது பக்கமாகப் படுக்கச் சொன்னார்கள். சொல்வது சுலபம். எங்கள் கட்டில் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரை ஒட்டிக் கிடக்கிறது. வேறு இடமில்லை. இடது பக்கம் படுத்தால் முகமும் வயிறும் சுவரில் இடிக்கும். மழைக்காலத்தில் அந்தச் சுவர் கசியும், பூஞ்சை வாடை அடிக்கும். பக்கத்து வீட்டு டிவி நாடகத்தில் அழுகிற மாமியார் என் காதுக்குள்ளேயே அழுவாள். கொஞ்ச நேரத்தில் என்னை அறியாமல் நகர்ந்து மல்லாந்துவிடுவேன். விழித்துப் பார்த்தால் மூச்சு முட்டும், பயம் பிடித்துக்கொள்ளும். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஓர் உதைக்காகக் காத்திருப்பேன். அது வரும்வரை எனக்குச் சாமியும் கிடையாது, புருசனும் கிடையாது.

என் கணவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். ஆட்டோவின் பழைய பின்சீட்டைக் கிழித்து ஸ்பாஞ்சை எடுத்து வந்தார். ஒரு துண்டை வயிற்றுக்குக் கீழே வைத்தோம். முழங்கால்களுக்கு நடுவில் மடித்த கம்பளி. பெட்ரோல் வாடை மட்டும் போகவில்லை. "டவுனுக்குப் போற மாதிரி இருக்கா?" என்று கேட்டார். எரிச்சலாக இருந்தாலும் சிரித்துவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தார். சிங்களப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவார். எப்படிப் படுக்கிறீர்கள், காட்டுங்கள் என்றார். காட்டினேன். "தள்ளுங்க நங்கி" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை சொல்லி என்னை எழுப்பிவிட்டு, சீருடையோடு தானே கட்டிலில் ஏறி இடது பக்கமாகப் படுத்தார். முகம் சுவரில் பட்டதும் மூக்கைச் சுளித்தார்.

"இதில எப்புடிப் படுக்கிறது? ஈரம். தலைய இந்தப் பக்கம் மாத்திப் படுங்க. அப்ப இடது பக்கம் படுத்தாலும் வெளிய பாத்துப் படுக்கலாம்."

சொன்னதோடு நிற்காமல் தலைமாட்டைக் கால்மாடாக்கிப் படுத்துக் காட்டினார். நானும் மாமியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மிஸ்ஸின் பாதங்கள் நேராக, என் தலைமாட்டுச் சுவரில் இருந்த சாமித் தட்டைப் பார்த்து நீண்டிருந்தன. முருகன், மாரியம்மன், நடுவில் சின்னப் பிள்ளையார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தவர், "அனே, ஐயோ, சாமி!" என்று சுருட்டி எடுத்தார் கால்களை. அவர் வீட்டிலும் புத்தர் பக்கம் கால் நீட்ட மாட்டார்கள்தானே.

மாமி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். மாமி பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுவிடுவது என்று தீர்மானித்து நான் கேட்டேன்.

"மிஸ், படுத்தபடி பொரண்டா கொடி சுத்திக்குமா?"

"இல்ல நங்கி. புள்ள உள்ளுக்குள்ள விளையாடுது, சுத்துது. அப்ப கொடியும் சுத்தும். நீங்க பொரளுறதால இல்ல. அப்புடிச் சுத்தியிருந்தும் நெறையப் புள்ளைங்க நல்லாப் பொறக்குது. முழிக்கிற நேரம் மல்லாந்து கெடந்தாலும் பயப்பட வேணாம், பக்கமாத் திரும்பிப் படுங்க. அசைவு கொறஞ்சா மட்டும் நிக்க வேணாம், ஒடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

நான் மாமியைப் பார்த்தேன். அவர் வெறும் கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மிஸ் போன பிறகு, "அவங்க படிச்சதச் சொல்றாங்க" என்றார். அதோடு சரி. அன்றைக்கும் கட்டில் சத்தம் கேட்டதும், "எந்திரிச்சு ஒக்காந்து திரும்பு" என்ற குரல் வந்தது. நானும் எழுந்து உட்கார்ந்தேன். மிஸ் சொன்னது காதில் இருந்தது, பயம் வயிற்றில் இருந்தது.

மறுநாள் குளித்துவிட்டு வந்தபோது சாமித் தட்டு காலியாக இருந்தது. மாமி அடுப்படியில் ஸ்டூல்மேல் நின்று, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பின்பக்கத்தால் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மாரியம்மன் ஏற்கெனவே மிளகாய்த்தூள் டின்னுக்கு மேலே ஏறிவிட்டாள்.

"என்னா மாமி செய்றீங்க?"

"சாமி எங்கன வேணும்னாலும் இருந்துக்கிரும். நீ தலைய மாத்தி வச்சு நல்லாப் படு."

கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தத் தட்டில் தூசி இருந்தாலே எனக்கு ஏச்சு விழும். எனக்காகச் சாமியையே இடம் மாற்றுகிற மனுஷிக்கு, அந்த ஒரு கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்ள மட்டும் ஏன் மனம் வரவில்லை என்று கோபம் வந்தது. ஆனாலும் தலையை மாற்றி வைத்து, இடது பக்கமாக, காம்பராவைப் பார்த்தபடி படுத்தேன். பல வாரங்களுக்குப் பிறகு அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

மகள் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அவள் அழுத சத்தம் கேட்கும்வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. கொடி கழுத்தில் ஒரு சுற்று இருந்தது, விரலால் எடுத்துவிட்டோம் என்று நர்ஸ் சர்வசாதாரணமாகச் சொன்னார். சீலையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டதைச் சொல்வது போலத்தான் சொன்னார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சந்தோஷத்தைவிட முந்திக்கொண்டு, இதை மாமியிடம் சொல்ல வேண்டும் என்ற வெறி வந்தது.

பார்வையாளர் நேரத்துக்கு இருவரும் வந்தார்கள். என் கணவர் பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் தூக்கிக்கொண்டு நின்றார். மாமி, மூன்று வருடங்களுக்கு முன் நின்றது போலவே, கட்டிலருகே நின்றார்.

"மாமி," என்றேன். "இந்தத் தடவ நான் ஒருதரங்கூட எந்திரிக்காம மறுபக்கம் திரும்பல. ஒங்களுக்கே தெரியும். அப்புடி இருந்தும் கொடி கழுத்துல சுத்தியிருந்துச்சாம்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். என்ன சொன்னாலும் பதிலுக்குச் சொல்ல என்னிடம் மூன்று வருடப் பேச்சு தயாராக இருந்தது. மாமி பிள்ளையின் கழுத்தைக் குனிந்து பார்த்தார். ஒரு விரலால் தொட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்ப என் மூத்ததுக்கும்... நான் பொரண்டதால இல்லையா?"

என் கணவர் தலையை நிமிர்த்தினார். "எந்த மூத்தது?" என்றார். மாமி என் பதிலுக்காகவே நின்றார்.

தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இல்ல மாமி," என்றேன். "ஒங்களாலயும் இல்ல."

அவர் என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நேரம் முடிந்துவிட்டது, வெளியே போங்கள் என்று ஊழியர் இரண்டு தடவை வந்து சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள். மத்தியானம். பிள்ளை பால் குடித்துவிட்டுத் தூங்கியிருந்தாள். மாமி கீழே பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் கட்டிலிலிருந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மாமி முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்தார். அப்படியே ஒரு கணம் இருந்தார். பிறகு மெதுவாகத் திரும்பவும் பாயில் சாய்ந்து, படுத்தவாக்கிலேயே மறுபக்கம் புரண்டார்.